அப்பச்சோடாவும் குளிசையும்

விழா மலரிலே ஆசிரியர் பெருமையும் விளையாட்டு வெற்றியும் எழுதுவோர் பலர். யானோ என் வயிற்றைப் பற்றி எழுதப் புகுந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

உயிலங்குளத்திலே கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வயல் செய்தவர் என் தந்தையார். நெஞ்செரிவு கண்டபோதெல்லாம் அப்பச்சோடாவை நீரிற் கரைத்துப் பருகுவார், ஏப்பம் வரும், எரிவு தணியும். யான் கல்லூரி விடுதியிலிருந்த 1968ஆம் ஆண்டு, மாசி மாதத்து அரிவிவெட்டுக் காலத்தில், இரத்தமாக வாந்தியெடுத்து வரம்பிலே வீழ்ந்தார். மன்னாருக்குச் செல்லும் வழியிலேயே அவருயிர் பிரிந்தது. சோடா எரிவைத் தணித்ததேயன்றிப் புண்ணை ஆற்றவில்லை.

அமிலச் சுரப்பையே குறைக்கும் சிமெற்றிடீன் என்னும் மருந்து 1976இல் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகண்ட சேர் ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபெற் பரிசு பெற்றார். பின்னர் அதனினும் வலிய ஒமெப்பிரசோல் வந்தது. தந்தையார் காணாத இவ்வரங்களைக் கண்டும், யான் அவர் வழியிலேயே சென்றேன். மருந்துக்கடையில் யானே கேட்டு வாங்கி, இரவுச் சோறுண்டபின் எரிவு கண்டபோதெல்லாம் ஒரு குளிசை விழுங்கினேன். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன.

ஒருநாள் மலம் கரிபோற் கறுத்தது. செய்தியறிந்த மகள் அன்றே என்னை வைத்தியரிடம் கொண்டுசென்றாள். வாய்வழியே குழாய் செலுத்திப் பார்த்தபோது குடற்புண் தெரிந்தது. அதன் காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் கிருமி. அதனைக் கண்டறிந்த பரி மார்ஷல், றொபின் வொறன் ஆகிய ஆஸ்திரேலியர் இருவரும் 2005இல் நோபெற் பரிசு பெற்றனர். கிருமிகொல்லி மருந்துகளோடு ஒமெப்பிரசோலையும் இரு வாரங்கள் உண்டேன், புண் ஆறியது.

“ஐயா, குளிசையிற் குற்றமில்லை,” என்றார் வைத்தியர். “அமிலம் சுரக்கும் கலங்கள் உணவினால் விழித்தெழுவன, ஆதலின் காலையுணவுக்கு அரைமணி முன்னரே இதனை உண்ணவேண்டும். நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து பொங்கும். எதற்காக, எத்தனை நாள் என்பதைக் கேட்டறிந்தே உண்ணுங்கள்.”

அவ்வேளை நம் கணித ஆசிரியர் என் நினைவில் வந்தார். விடை சரியாயினும் செய்கை காட்டாதவர்க்கு அவர் புள்ளி வழங்கியதில்லை. எரிவு தணிந்ததையே விடையென்று கொண்டு, தந்தையாரும் யானும் செய்கையை விட்டுவிட்டோம். இளைய மாணவர்காள், உங்கள் வீட்டிலே முதியோர் எவரேனும் நாடோறும் குளிசை விழுங்கக் கண்டால், ஏனென்று ஒருமுறை கேளுங்கள்.