அமைதியின் விலை

ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பத்து நாள் விடுப்பு, பங்குப் பணியாளருக்கு ஒரு பெருங்கொடை. உயிர்ப்புப் பெருவிழாவின் ஆரவாரம் ஓய்ந்த பின், ஒரு நாள் காலையில் எழும்பூரில் தொடர்வண்டி ஏறினோம். நம் பங்கு வடசென்னையில் உள்ளது. துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகள் நள்ளிரவிலும் ஓயாத சாலையை ஒட்டியது நம் இல்லம். அந்த இரைச்சலுக்கிடையே செபிக்கவும், உறங்கவும், துயருற்றோர்க்கு ஆறுதல் கூறவும் பழகிவிட்டதாகவே எண்ணியிருந்தோம். ஆனால் தவக்காலத்தில் ஒருநாள், ஒரு தந்தை தம் மகளின் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய உதடுகள் அசைவதை மட்டுமே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். சொற்கள் உள்ளே இறங்கவில்லை. அன்றிரவே விடுப்புக் கேட்டு ஆயர் இல்லத்துக்கு எழுதினோம்.

விழுப்புரம், விருத்தாசலம் கடந்து அரியலூரில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்தில் கொள்ளிடத்தின் வடகரைக்குச் சென்றோம். ஏலாக்குறிச்சிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர், நம் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பணியாற்றிய மண் அது. அவருக்கு அது உழைப்பின் களம். நாமோ ஓய்வை நாடி அங்கே சென்றோம்.

முதல் இரவு உறக்கம் வரவில்லை. இரைச்சல் இல்லாமையே நம்மை விழிக்க வைத்தது. நள்ளிரவில் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்திப் பறந்தது. பின் மீண்டும் பேரமைதி. மூன்றாம் நாள்தான் உள்ளம் அடங்கியது. விடியலில் கொள்ளிடத்துக்குச் செல்வோம். கோடையில் அது ஆறன்று, மணல்வெளி. தொலைவில் ஒரு நீர்க்கோடு மட்டும் மின்னும். கரையில் அமர்ந்து செபிப்போம். வீடு திரும்பி நூல்களில் மூழ்குவோம். வானகமே இறங்கி வந்ததாகத் தோன்றியது.

ஒன்றே ஒன்றுதான் இடையூறு. தமக்கையாரின் அடுக்களையில் விடிந்தது முதல் திருச்சி வானொலி ஒலித்துக்கொண்டேயிருந்தது. வேளாண் செய்தி, விளம்பரம், திரைப்பாடல் என எதுவானாலும் அவர் அதை நிறுத்துவதில்லை.

"அக்கா, அதைக் கொஞ்சம் நிறுத்தினால் என்ன? அமைதியைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தது?" என்றோம்.

அவர் மறுசொல் சொல்லாமல் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். வந்திருந்தோர் பதினொருவர். அவர்களுள் இளையவருக்கே ஐம்பது வயதிருக்கும். பாடல் தொடங்க ஆளில்லை, நாமே தொடங்கினோம். முன்பெல்லாம் இவ்வாலயத்தில் சிறுவர்களை அடக்கி உட்கார வைப்பதே உபதேசியாருக்குப் பெரும்பாடாக இருந்தது என ஒரு முதியவர் சொன்னார்.

அன்று மாலை, நாம் வருவதை அறியாமல், தமக்கையார் கொட்டகையில் கன்றுக்குட்டியிடம் தம் மக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் வெட்கத்துடன் சிரித்தார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் 'தம்பி' என்பதை விட்டுச் 'சாமி' என்றே அழைப்பவர் அவர்.

"பாட்டுக் கேக்கவா சாமி அத வைக்கிறேன்? வீட்டுல ஒரு மனுசக் குரல் கேக்கட்டுமேன்னுதான். நீங்க வந்துட்டீங்களேன்னு நிறுத்துனேன். நீங்களும் பேசக் காணோம்."

நாம் நாணித் தலைகுனிந்தோம். கணவரை இழந்த அவருக்கு இரு மைந்தர். மூத்தவன் திருப்பூரில் பனியன் ஆலையில். இளையவன் சென்னையில், நம் பங்கிலிருந்து பேருந்தில் அரைமணித் தொலைவில். ஓராண்டாக நாம் அவன் வீட்டு வாயிலை மிதித்ததில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரங்களில் வாழ்ந்தனர். அரியலூர் மாவட்டத்திலோ ஏறத்தாழ 11 பேர்தான். எனினும் இச்சிற்றூரில் இளையோரைக் காணோம். அவர்கள் எழுப்ப வேண்டிய ஒலிகளெல்லாம் நம் நகரங்களில் இரைச்சலாகிவிட்டன. அவர்கள் விட்டுச் சென்ற வெறுமையைத்தான் நாம் அமைதியென்று அனுபவித்தோம். அதன் விலையை நம் தமக்கையார் நாள்தோறும் செலுத்திக்கொண்டிருந்தார்.

களைத்து வந்த சீடர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று சற்று ஓய்வெடுக்குமாறு இயேசு அழைத்தார் என மாற்கு நற்செய்தி கூறுகிறது. ஓய்வு தேவையே, அதைத் தந்தவரே ஆண்டவர். ஆனால் படகு கரை சேருமுன் மக்கள் கூட்டம் அங்கே காத்திருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, பரிவு கொண்டார். பன்முறை நாம் மறையுரையாற்றிய பகுதிதான் இது. எனினும் நம் தனிமையான இடத்தில் காத்திருந்த ஒருவரை நாம் காணவில்லையே!

மறுநாள் விடியலில் நாமே சென்று வானொலியை முடுக்கினோம். எஞ்சிய நாள்களில் நூல்கள் பைக்குள்ளேயே கிடந்தன. மாலைகளில் திண்ணையில் அமர்ந்து, பெற்றோரைப் பற்றியும், வெள்ளம் வந்த ஆண்டுகளைப் பற்றியும், விலைக்குப் போன மாடுகளைப் பற்றியும் அவர் பேசப் பேசக் கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்கியது.

புறப்படும் நாளில் பேருந்து நிறுத்தம் வரை வந்து, ஒரு பை நுங்கை நம் கையில் தந்தார். "சின்னவன்கிட்ட குடுத்துடு, தம்பி" என்றார்.

சென்னை வந்திறங்கியதும் இல்லத்துக்குச் செல்லவில்லை. அந்தப் பையுடன் முதலில் அவன் வீட்டுக்கே சென்றோம்.

இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்களே, அங்கே அமைதியை நாடுவது நன்று. அந்த அமைதிக்குள் யாரேனும் ஒருவர் நம் குரலுக்காகக் காத்திருக்கிறாரா என்பதையும் சற்றே செவிமடுப்போமா?