திண்டிவனம் பாதையில் ஒரு ஷார்ட் சர்க்யூட்

பொம்மை ரயிலின் தண்டவாளம் வண்டி ஓடும் பாதை மட்டுமன்று. அதுவே மின்கம்பியும் ஆகும். ஒன்றில் நேர்முனை, மற்றதில் எதிர்முனை, 12 வோல்ட். இரண்டையும் ஓர் உலோகம் இணைத்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். தடம் புரண்ட சக்கரமோ, மறந்துபோன ஸ்குரூவோ போதும்.

என் மகன் மரப்பலகையில் விழுப்புரம் சந்திப்பை அமைத்தான். ஐந்து திசைப் பாதைகளில் மூன்றுக்கே இடமிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே நின்றுவிட்டது. "அதை விட்டுவிட்டு நேரடியாக இணையுங்கள்" என்றார் உறவினர் ஒருவர். வீட்டு பியூஸில் தடித்த கம்பி கட்டும் பழக்கம்தான் இதுவும். மின்சாரத்தை நிறுத்துவது பெட்டியின் கோளாறன்று, கடமை. நான் இசையவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் தேடத் தொடங்கினோம். வண்டிகளையெல்லாம் எடுத்த பின்னும் கோளாறு நீங்கவில்லை. ஆகவே சக்கரங்கள் குற்றமற்றவை. பிறகு காரின் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென எரியும். மின்னோட்டமும் எல்லைக்குள் நிற்கும். பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை, திண்டிவனம் பாதையைக் கழற்றியதும் பல்பு அணைந்தது.

அங்கே கம்பியும் சரி, இணைப்பும் சரி, வடிவமே காரணம். திண்டிவனம் சென்ற வண்டி ஊர் திரும்ப வேண்டுமென்று, பாதையை வளைத்து, புறப்பட்ட வழியிலேயே சேர்த்திருந்தான். அவ்வாறு சேர்த்தால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு கூடிவிடும். ஒரு தண்டவாளத்தை விரலால் தொடர்ந்து சென்றாலே விளங்கும். வளைவின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் துண்டித்து, பிளாஸ்டிக் இணைப்புகளை இட்டு, வளைவுக்குத் தனியே மின்சாரம் கொடுத்தோம். வளைவு முழு வண்டியையும் கொள்ளுமளவு நீளமாக இருத்தல் வேண்டும். வண்டி அதனுள் ஓடும்போதே வெளிப்பாதையின் முனைகளை ஒரு சுவிட்ச் கொண்டு மாற்றிவிடுகிறோம்.

"அப்படின்னா பெரிய ரயிலுக்கு ஷார்ட் ஆகாதா அத்தா?" என்றான். 1965இல் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதை மின்மயமானபோதும் சரி, இன்றைய அகலப்பாதையிலும் சரி, 25,000 வோல்ட் மேலே செல்லும் கம்பியில் வருகிறது. தண்டவாளம் அது திரும்பும் வழி. ஆனால் சிக்னலுக்காகத் தண்டவாளங்களில் சிறு மின்சாரம் விடுவதுண்டு. வண்டியின் அச்சு இரண்டையும் இணைத்ததும் ரிலே விழும், பின்னே வரும் வண்டிக்குச் சிவப்பு எரியும். நாங்கள் மூன்று மாலை விரட்டிய அதே ஷார்ட், அங்கே காவல் நிற்கிறது.

இதைக் கேட்டதிலிருந்து, தன் பலகையிலும் அந்தச் சிவப்பு எரிய வேண்டுமென்று ரிலே ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.