சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர்

கார் ரேஸ் கேம் ஆடுகிற பசங்க இருக்கிற வீடுகளில் ஸ்டீயரிங், பெடல் செட் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்த கட்டம், உட்காருகிற சீட்டையே அதிர வைப்பது. "இதுக்கெல்லாமா சார் காசு போடுவாங்க?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். போடலாம். எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் இருந்தது.

பையனுக்கு 15 வயசு. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் மந்தம், மெஷின் போட்டிருக்கிறான். பேச்சு நன்றாகவே பிடிபடும். ஆனால் இஞ்சின் சத்தம் வேறு கதை. இப்போதைய டிஜிட்டல் மெஷின்கள் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும், ஒரே சீராக வருகிற சத்தத்தை இரைச்சல் என்று அமுக்கிவிடும். ஃபேன், ஏசி வரிசையில் ஃபெராரி இஞ்சினும் சேர்ந்துவிடுகிறது :-) டயர் கிறீச்சிடுவதோ உச்ச ஸ்தாயி. அவனுக்கு அதிகம் போனதே அந்தப் பகுதிதான். மெஷின் மேல் ஹெட்போனை வைத்தால் மெஷின் விசிலடிக்கும்.

மற்ற பசங்க சத்தத்தை வைத்தே கியர் மாற்றுகிறார்கள். இவன் திரையின் மூலையில் இருக்கிற மீட்டரைப் பார்க்க வேண்டும். 180 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி கண்ணை எடுத்தால் கார் 25 மீட்டர் போயிருக்கும். ஆன்லைனில் கூடப் படிக்கிறவர்களோடு ஆடி, கடைசியாக வந்து, "எனக்கு இது வராதுப்பா" என்று ஒருநாள் ஸ்டீயரிங்கைக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டான். அந்தப் பெட்டியைத் திறக்க வைப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

சாமானுக்குப் பெயர் பேஸ் ஷேக்கர். கூம்பு இல்லாத ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை அசைப்பதற்குப் பதில், தன்னை எதில் முடுக்கியிருக்கிறோமோ அதை அசைக்கும். சுமார் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரைதான் இதன் ராஜ்ஜியம். கம்ப்யூட்டரில் தனியாக ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அதிலிருந்து சின்ன ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து ஷேக்கர். வாங்கும்போது ஓம் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு 4 ஓம் ஷேக்கரைப் பேரலலில் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். பல ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்காது.

கேமுக்கும் ஷேக்கருக்கும் நடுவில் தரகர், சிம்ஹப் என்கிற மென்பொருள். அது கேமின் ஒலியை அனுப்புவதில்லை. எந்தச் சக்கரம் வழுக்குகிறது, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம் என்று கேம் தருகிற விவரத்தை வாங்கி, அதற்கேற்ற அதிர்வைத் தானே உண்டாக்குகிறது. காதை நம்பாத ஏற்பாடு என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தது.

சீட்டுக்கு மாயாபுரி. டெல்லிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உடைத்த கார்களின் உதிரி மலை மலையாகக் கிடக்கும் இடம். பழைய மாருதி சீட் ஒன்று கிடைத்தது. ஷேக்கரைக் குஷனில் கட்டினால் ஸ்பாஞ்சே எல்லாவற்றையும் குடித்துவிடும். அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சீட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ரப்பர் மவுன்ட். அது இல்லாவிட்டால் சீட்டின் அதிர்வு பெடலுக்கும் போய், எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஸ்டாண்டுக்குக் கீழேயும் ரப்பர் வைத்தோம், அது கீழ் வீட்டு ஷர்மா ஆன்ட்டிக்காக. தளம் வழியாக இறங்குகிற அதிர்வை ஜன்னலைச் சாத்தித் தடுக்க முடியாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆம்ப்ளிஃபயர் ஆஃப், இது வீட்டம்மாவின் சட்டம்.

சீட்டில் ஒன்று, பெடல் தட்டில் ஒன்று. ஸ்டீயரிங்கில் வருகிற விசை பெரும்பாலும் முன் சக்கரத்தின் சமாச்சாரம். பின் சக்கரம் வழுக்குவதை நிஜக் காரில் இடுப்புதான் முதலில் சொல்லும். அதனால் சீட்டுக்குப் பின் சக்கர வழுக்கல், பெடலுக்கு பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்வது. எல்லா எஃபெக்டையும் ஒன்றாகப் போட்டால் கல்யாண வீட்டு ஹால் மாதிரி எதுவும் புரியாது. ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஹெர்ட்ஸ் கொடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம்.

இஞ்சின் அதிர்வு ஓயாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, அதையே 50 ஹெர்ட்ஸாகக் கொடுத்தால் கணக்கு எவ்வளவு அழகு! பையன் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டான்.

"எப்பவும் இருக்கறது எதுக்குப்பா? கியர் மாத்தற நேரம் வந்தா மட்டும் சொன்னா போதும்."

சிம்ஹப்பில் நாமே ஃபார்முலா எழுதலாம். உச்சத்துக்கு 400 ஆர்பிஎம் இருக்கும்போது சீட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான். எழுதியது அவன்தான்.

இப்போது நம் பக்கத்து கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டைப் போட்டு ஓட்டுகிறான். 2011 முதல் 2013 வரை மூன்று வருஷம் ஃபார்முலா 1 நடந்த தடம், ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதையின் முடிவில் கனமாக பிரேக் அடிக்க வேண்டும். அங்கே பெடல் தட்டு கால் விரலுக்கடியில் படபடக்கும், உடனே காலைக் கொஞ்சம் தளர்த்துவான். கண் வளைவிலேயே இருக்கும். முதல் இடமெல்லாம் இன்னும் வரவில்லை, நடுவில் எங்கேயோ வருகிறான். போன வாரம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது வளைவிலேயே சுழன்றுவிட்டேன்.

"சீட்டு சொல்லுச்சேப்பா, கேக்கலையா?" என்றான்.