அம்மாயியின் செபமாலை

என் அம்மாயியின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது மூன்று இடங்களில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1930ஆம் ஆண்டு எழுதினார்கள். தோட்டத்துச் செக்ரோலில் 1942இல் எழுதினார்கள். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. மூன்றாவதாக, 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திற்குப் பின்னர் வாக்காளர் இடாப்பில் எழுதினார்கள். அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஒரு பெண் இந்த நாட்டில் பிறந்து, உழைத்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்ட பின்னர்தான் இந்த நாட்டுக்காரி என்று ஒப்புக்கொள்ளப்பட்டாள். ஆனால் அம்மாயி அதைப் பற்றிக் கசப்பாகப் பேசியதில்லை. "ஆண்டவருட ரெஜிஸ்டர்ல நான் பொறந்தன்னைக்கே இருக்கேன்" என்பார்.

கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கொழுந்தெடுத்தார். காலை பிரட்டுக்கு முன்னே எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறும்போதே செபமாலையின் முதல் பத்து முடிந்துவிடும் என்று அம்மா சொல்வார். கொழுந்தெடுக்க இரண்டு கையும் வேண்டும், மணியை உருட்ட முடியாது. ஆகவே அவர் செடிகளை எண்ணிச் செபம் சொன்னார். பத்துச் செடிக்கு ஒரு பரலோக மந்திரம்.

1966இல் தாத்தா இறந்தபோது அம்மாயிக்கு மூன்று பெண் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அந்த நாட்களில் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வேறுபாடு 1984இல்தான் நீங்கியது. அப்படியென்றால் தன் பிள்ளைகளை வளர்த்த காலம் முழுவதும் அவர் குறைந்த சம்பளத்தில்தான் வளர்த்திருக்கிறார். விதவை என்பதற்காக நல்ல காரியங்களில் அவரைப் பின்னால் நிற்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் பின்னால் நின்றார். ஆனால் பிள்ளைப்பேறு என்றால், சாவு என்றால் முதலில் அழைக்கப்பட்டவரும் அவரே.

1964ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. அம்மாயியின் ஒரே தம்பி 1973இல் இந்தியாவுக்குப் போனார். தலைமன்னாருக்குப் போகும் அந்தப் புகையிரதத்தை நம் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தம்பியை அனுப்பிவிட்டு வந்த அம்மாயி அன்று இரவும் செபமாலை சொன்னாராம். தம்பியின் பெயர் அன்றிலிருந்து கடைசிப் பத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பஞ்சம். கூப்பன் மாவும் மரவள்ளிக் கிழங்கும்தான் சாப்பாடு. அப்படியிருந்தும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி மாவை ஒரு தகரத்தில் தனியே போட்டு வைப்பார். "நம்மளவிட இல்லாதவங்க லயத்தில இருப்பாங்க" என்பார். அந்தத் தகரத்திலிருந்து கொடுத்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். சாப்பிட்டவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

1977 கலவரத்திற்குப் பின்னர் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. எங்கள் பெரியம்மாவும் கணவருடன் வவுனியாப் பக்கம் போனார். அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாய் நட்டு வாழ்ந்தார்கள். 1983 ஜூலையில் கண்டியில் வீடுகள் எரிந்தபோது அம்மாயியையும் என் அம்மாவையும் தன் வீட்டு உள்ளறையில் ஒளித்து வைத்தவர் ஒரு சிங்களப் பெண். அவர் பௌத்தர். அந்த மூன்று இரவுகளுக்காக அம்மாயி தன் ஆயுள் முழுவதும் அந்தப் பெண்ணின் பெயரையும் செபத்தில் சேர்த்துக்கொண்டார்.

போர் எங்கள் குடும்பத்தைத் தேடி வந்தது வன்னியில். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், 2009இன் தொடக்கத்தில் காணாமற் போனார். பெரியம்மாவும் அண்ணியும் இரண்டு வயதுப் பிள்ளையும் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை.

கண்டிப் பேராலயம் புனித அந்தோனியாரின் பெயரால் அமைந்தது. தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று நாம் நம்பும் அதே அந்தோனியார். செவ்வாய்க்கிழமை தோறும் அம்மாயி அங்கே போவார். "சாவியையும் காசையும் தேடித் தாறவரு, என் பேரப்புள்ளையத் தேடித் தர மாட்டாரா?" என்பார். அவர் அழுது நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

நவம்பர் 2ஆம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பங்குச் சுவாமியிடம் கொடுப்பது வழக்கம். அந்தப் பட்டியலில் அண்ணன் பெயரை எழுதுவதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆண்டும் வந்தது. "செத்திருந்தா அவன் ஆத்துமாவுக்குச் செபம் வேணாமா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அம்மாயி எழுதவிடவில்லை. உயிரோடிருப்பவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையில்தான் அவன் பெயரைக் கொடுத்தார். இது சரியா என்று ஒரு முறை சுவாமியிடம் நேராகவே கேட்டார். "நீங்கள் செபத்தைக் கொடுங்கள். அது எங்கே போய்ச் சேர வேண்டுமென்று ஆண்டவருக்குத் தெரியும்" என்று அவர் சொன்னார். அந்தப் பதில் அம்மாயிக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் நான் இதை எழுதுவது இன்னொன்றுக்காக. 2010இல் ஒரு சட்டம் வந்தது. போரின் காரணமாக ஓராண்டுக்கு மேல் காணாமற் போயிருப்பவரை இறந்தவராகப் பதிவு செய்து மரணச் சான்றிதழ் பெற அது வழி செய்தது. அண்ணி அந்தச் சான்றிதழை எடுத்தார். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், காணி அலுவல் பார்க்க வேண்டும், உதவி கேட்டுப் போகும் இடமெல்லாம் அந்தத் துண்டைத்தான் கேட்டார்கள். அவர் கையெழுத்திட்ட செய்தி பரவியதும் உறவினர்கள் கொதித்தார்கள். "புருஷனைக் காகிதத்தில் கொன்றுவிட்டாள்" என்று கூடச் சொன்னார்கள். பெரியம்மா மருமகளோடு பேசுவதை நிறுத்தினார்.

எண்பத்தொரு வயதில் அம்மாயி கண்டியிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். போய் இறங்கியதும் யாரோடும் நியாயம் பேசவில்லை. அண்ணியின் அருகில் பாயில் உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் புள்ளைய ஏன் கரிச்சுக் கொட்டுற? கடுதாசி கவர்மெண்டுக்கு. செபம் ஆண்டவருக்கு. ரெண்டும் ஒண்ணில்ல. பசிச்ச புள்ளைக்குச் சோறு போட கையெழுத்து வச்சவ, புருஷன மறந்தவ இல்ல." அன்றிரவு மூவரும் சேர்ந்து செபமாலை சொன்னார்கள். கடைசிப் பத்தில் அண்ணன் பெயரை உயிரோடிருப்பவர்களோடு சேர்த்துச் சொன்னவர் அண்ணிதான்.

2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, இவர் காணக்கிடைக்கவில்லை என்று பதிவு செய்து சான்றிதழ் பெற அது இடம் கொடுத்தது. அம்மாயி சொன்ன வேறுபாட்டைச் சட்டமும் ஒரு வகையில் ஏற்றுக்கொண்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசப் வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்ததை அம்மாயி தொலைக்காட்சியில் பார்த்தார். கோவாவில் பிறந்த அவர் 1687இல் ஒல்லாந்தர் ஆட்சியில் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவி, பலர் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது அவர்களைத் தூக்கிப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று இன்றுவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அம்மாயி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "புனிதருக்கே குழி எங்கன்னு தெரியல. அதுக்காக அவர யாரு மறந்தா?" என்றார்.

2016 ஒக்டோபரில், எண்பத்தாறாவது வயதில், அம்மாயி தூக்கத்திலேயே போய்விட்டார். சேமக்காலையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அடக்கத்துக்கு வவுனியாவிலிருந்து பெரியம்மாவும் அண்ணியும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அந்த நவம்பர் பட்டியலில் அம்மாயியின் பெயரை எழுதினோம். அண்ணன் பெயரை எழுதவில்லை. பெரியம்மா இன்னமும் மகனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அண்ணி தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

சகோதரிகளே, உங்களிலும் சிலர் அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டிருப்பீர்கள். சிலர் மறுத்திருப்பீர்கள். கையெழுத்திட்டவளைத் துரோகி என்றும், மறுத்தவளைப் பைத்தியக்காரி என்றும் சொல்ல ஊர் எப்போதும் தயாராக இருக்கிறது. நாமும் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் நமக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் சைவமாயிருந்தாலும், இஸ்லாமாயிருந்தாலும், எங்களைப் போல் வேதக்காரராயிருந்தாலும், பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் ஒரு நாள் போய் அவளது பாயில் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். அவளது பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாலே போதும்.