கரிசல் நாய்க்கு என்ன சோறு?

ராஜபாளையத்தை விட்டுக் கிழக்கே கிளம்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை முதுகுப் பக்கமாகத் தாழ்ந்துகொண்டே வரும். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கொஞ்ச தூரத்தில் முடிந்து, செம்மண் மெல்லக் கறுக்கத் தொடங்கும். வேம்பக்கோட்டை வட்டாரத்தை நெருங்கும்போது இரண்டு பக்கமும் கரிசல்தான். பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, எங்கு திரும்பினாலும் மக்காச்சோளம். இந்தக் கரிசலுக்குள், விருதுநகர் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது சிப்பிப்பாறை. நாய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர்.

ஒரு வட்டாரத்துக்குள்ளேயே இரண்டு நாய்கள், இரண்டு உடல்வாகு. மலையடிவாரத்து ராஜபாளையம் நாய் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, அகன்ற மார்பு. நன்றாக வளர்ந்த ஆண் நாய் 25 கிலோவைத் தாண்டும். காட்டுப்பன்றியை மறிக்கவும் தோட்டத்தைக் காக்கவும் வளர்க்கப்பட்டது. கரிசலின் சிப்பிப்பாறை அப்படியல்ல. நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்மையான முகம். 15 முதல் 20 கிலோ எடைதான் இருக்கும். மரமே இல்லாத வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்க உருவான வேகம் அது. கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்தில் கறுப்பு உடலும் பழுப்புக் காலுமாக இருக்கும் கன்னி நாயும் இதன் உறவுதான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

பெயரும் பெருமையும் வந்துவிட்டன. ஆனால் கும்பாவில் விழும் சோறு மாறிவிட்டது. அதில்தான் சிக்கல்.

ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்து வீடுகளில் மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே பானைதான். கம்பங்கூழ், சோளச்சோறு, கேழ்வரகுக் களி, அதன் மேல் மோர் அல்லது நீச்சத்தண்ணி. சம்சாரி விடியற்காலையில் குடித்தது போக மிச்சம் நாயின் கல்தொட்டிக்குப் போகும். "கூழ் குடிச்சு வளர்ந்த நாய்தான் ஓடும்" என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது.

2013-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஓநாயையும் நாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகள் மட்டுமே இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருந்தது. மனிதனோடு சேர்ந்து களத்துமேட்டிலும் அடுப்படியிலும் வாழ்ந்ததில் நாயின் குடலே தானியத்துக்குப் பழகிவிட்டது என்று பொருள். பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. காலம் காலமாக உழவு நடந்த நாடுகளின் நாய்களுக்கு இந்தப் படிகள் அதிகம். உழவே இல்லாத பனிப்பிரதேசத்து ஹஸ்கி, ஆஸ்திரேலியாவின் டிங்கோ போன்றவற்றுக்குக் குறைவு. ஆகவே நாயின் பூர்வீகம் எந்த மண் என்று பார்த்துச் சோறு போடுவது வெறும் பழம்பேச்சு அல்ல.

ஆனால் பெரியவர்கள் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. அந்தக் காலத்து நாய் கூழை மட்டுமா தின்றது? வேட்டைக்குப் போன நாய்க்கு முயலின் குடலும் எலும்பும் கிடைத்தன. அறுவடை முடிந்த காட்டில் அதுவே எலி பிடித்துத் தின்றது. கிடையில் செத்த குட்டி, ஊரில் அறுத்த ஆட்டின் கழிவு என்று புலால் ஏதாவது ஒரு வழியில் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம்தான். நாய் இப்போது சங்கிலியில் இருக்கிறது. புலால் போய்விட்டது, கூழ் மட்டும் மிஞ்சியது. அந்தக் கூழும் இப்போது கம்பங்கூழ் அல்ல. கம்பும் சோளமும் விளைந்த காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது, அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. வீட்டில் ரேஷன் அரிசி பொங்குகிறார்கள். நாய்க்கும் அதே வெள்ளைச் சோறு, மேலே கொஞ்சம் ரசம்.

கணக்குப் பார்த்தால் இது புரியும். வளர்ந்த நாயின் தீவனத்தில், ஈரம் போக, குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும். குட்டிக்கு 22 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கம்பில் சுமார் 11 சதவீதம், சோளத்தில் 10, அரிசியிலும் கேழ்வரகிலும் 7 அல்லது 8 சதவீதம்தான் இருக்கிறது. எந்தத் தானியமும் தனியாக நின்று நாயின் பசியை ஆற்றுமே தவிர, தசையை வளர்க்காது. வெறும் சோறு தின்னும் நாய்க்கு முடி சொரசொரப்பாகும், தோல் உரியும், குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். "சாதி நாய், ஆனா நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி மருந்துக்கு அலைகிறவர்கள் முதலில் கும்பாவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு சாலையோரக் கடைகளில் நடக்கிறது. ஊருக்கு ஊர் பிராய்லர் கடை வந்துவிட்டது. தலை, கால், தோல் எல்லாம் சும்மா கிடைக்கிறது. "இது வேட்டை நாய், கறிதான் போடணும்" என்று மூன்று மாதக் குட்டிக்கு எலும்பில்லாத கறியும் தோலுமாகப் போட்டு வளர்க்கிறார்கள். கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குட்டியின் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். முன்னங்கால் வில்லாக வளைந்துவிடும். ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஒரு கோழித்தோல் கும்பாவைப் பார்த்தே குட்டியின் காலை ஊகித்துவிடலாம்.

அப்படியென்றால் என்ன போடுவது? 20 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,100 கலோரி போதும். கம்பு அல்லது சோள மாவு 150 கிராம் எடுத்துக் குழைய வேகவைக்க வேண்டும். வேகாத மாவு நாய்க்குச் செரிக்காது. அதோடு வேகவைத்த கறி 200 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் பூசணி அல்லது முருங்கைக்கீரை. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து அரை டீஸ்பூன் சேர்த்தால் சுண்ணாம்புக் கணக்கு நேராகிவிடும். கறி வாங்க முடியாத வீட்டில் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் தயிர், 50 கிராம் வேகவைத்த பயறு போட்டாலும் நாய் நன்றாக இருக்கும். குட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. அதன் சுண்ணாம்பு அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், குட்டிகளுக்குக் கம்போடு கேழ்வரகும் கலந்து புளிக்கவைத்துக் காய்ச்சுவது பழைய வீடுகளின் வழக்கம். புளிக்கும்போது தானியத்தின் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். மோருக்கும் தயிருக்கும் அந்தத் தொல்லை குறைவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இல்லாத வீடு இல்லை. அதை நறுக்கிக் கூழிலேயே போட்டுக் கரைத்த மிச்சத்தை நாய்க்கு ஊற்றக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பிரியாணி மிச்சத்துக்கும் இதே கதைதான். நாய்க்கு உரிய பங்கை உப்பும் வெங்காயமும் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்களின் வாசலில் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஏண்ணாச்சி, நாயைப் பட்டினி போடுறீகளா? விலா எலும்பு எண்ணுற மாதிரி இருக்கே!"

"பட்டினியெல்லாம் இல்ல தம்பி. இதோட வாகே இதான்."

அண்ணாச்சி சொல்வதுதான் சரி. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இந்த இனத்துக்கு ஆரோக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு சோற்றைக் கூட்டினால் மூட்டுத் தேய்மானம்தான் மிஞ்சும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஆழமான மார்புக்கூடு கொண்டவை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இத்தகைய நாய்களுக்கு அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆகவே ஒரே வேளையாகப் போடாமல் காலை, மாலை இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, தின்ற பிறகு ஒரு மணி நேரமாவது கட்டி வைக்க வேண்டும்.

சிப்பிப்பாறையிலிருந்து தெற்கே கழுகுமலைப் பக்கம் போனால் அறுவடை முடிந்த காடுகளில் செம்மறிக் கிடை கிடக்கும். கிடைக்கு ஒரு நாயாவது இருக்கும். இங்கே நாயின் சோறு ஆட்டின் உயிரோடும் ஆளின் உயிரோடும் சம்பந்தப்பட்டது. செத்த ஆட்டின் தலையையும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது வழக்கமாக இருக்கிறது. அந்த உறுப்புகளில் நீர்க்கட்டி இருந்தால் அது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். நாயின் சாணத்தோடு முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழும். அதை மேய்ந்த ஆட்டின் மூளையில் கட்டி வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இன்னொரு வகைப் புழுவின் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால் ஈரலில் பெரிய கட்டியாக நிற்கும். கிடை நாய்க்குப் போடும் உறுப்புக் கறி கொதிக்கக் கொதிக்க வெந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பெறலாம்.

மழையில் நனைந்த மக்காச்சோளமும் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் "மாட்டுக்கு ஆகாது, நாய்க்குப் போடு" என்று ஒதுக்கப்படுவதும் இந்தப் பக்கத்தில் உண்டு. பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சை மாட்டைவிட நாய் தாங்காது. வாந்தி, சோர்வு, கண்ணில் மஞ்சள் என்று ஈரல் கெட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட தானியம் எதற்கும் ஆகாது, குழி தோண்டிப் புதைப்பதே வழி.

கோவில்பட்டி நகருக்குள் நுழைந்தால் காட்சி வேறு. மாடி வீடுகளில் லாப்ரடார், பொமரேனியன், அங்கொன்று இங்கொன்றாக ஹஸ்கி. லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர் கரை. குளிர்ந்த நீரில் வேலை செய்த நாய். இந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்காமல் வைக்கும் மரபணுக் குறை இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. அது கெஞ்சுகிறதே என்று இட்லியும் பன்னும் போடுகிறார்கள். அதற்கு அளந்து போடுவதே அன்பு. ஹஸ்கியைக் கரிசல் வெயிலில் கட்டி வைத்துத் தயிர்ச்சோறு போடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த நாயை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

சிப்பிப்பாறைப் பக்கத்தில் குட்டி வாங்க வருகிறவர்கள் மூக்கையும் வாலையும் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள், குட்டியைப் பெட்டியில் வைத்து வண்டி ஏறிவிடுகிறார்கள். தாய் நாய் என்ன தின்கிறது என்று கேட்பவர் குறைவு. கேட்க வேண்டியதே அதுதான். அந்த வீட்டில் கம்பு மாவு என்றால் பத்து நாளைக்கு ஆகும் அளவு மாவையும் வாங்கிக்கொள்ளலாம். புது வீட்டுக்குப் போன முதல் மூன்று நாள் அதே கூழ், அதன் பிறகு நான்கில் ஒரு பங்கு புதுச்சோறு, பின்பு பாதி என்று மாற்றிக்கொண்டு வந்தால் குட்டிக்கு வயிறு போகாது. மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்கு மேல் இரண்டு வேளை.