படாக் மரத்துத் தக்கைகள்

ஹாடோவிலிருந்து சாத்தம் தீவுக்குப் போக ஒரு சிறிய பாலம் உண்டு. அதில் ஏறும்போதே மரத்தூள் மணம் முகத்தில் அடிக்கும். கடற்காற்றின் உப்பையும் படகுத்துறையின் டீசல் புகையையும் தாண்டி வரும் மணம் அது. மழை வெறித்த மாலைகளில் இன்னும் கனமாக இறங்கும். நான் அந்தமானின் போர்ட் பிளேரில் வளர்ந்தவன். இன்று எந்த ஊரில் தச்சுப்பட்டறையைக் கடந்தாலும் கால்கள் ஒரு நொடி அந்தப் பாலத்தின் மேல் நிற்கின்றன.

சாத்தம் மர ஆலை 1883இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய அறுப்பாலைகளில் ஒன்று. அந்தக் குட்டித் தீவின் பெரும்பகுதியும் ஆலைதான். ரங்கத், மாயாபந்தர் பக்கத்துக் காடுகளில் யானைகள் இழுத்துக் கரைசேர்த்த மரங்கள் கடல்வழியாக இங்கே வந்து பலகைகளாயின. இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டு பறித்த பள்ளம் ஆலை வளாகத்தில் இன்னும் இருக்கிறது. அங்கேயே வனத்துறையின் அருங்காட்சியகமும் உண்டு. பள்ளியிலிருந்து எங்களை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டுவார்கள். செக்கச்சிவந்த படாக், பழுப்புக் குர்ஜன், சாம்பல் ஓடிய சுக்லம், வெளிர்மஞ்சள் சாட்டின்வுட், கறுப்பும் சாம்பலுமாக வரியோடிய மார்பிள்வுட். அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் மரங்களை அடையாளம் காணப் பழகினோம்.

எல்லாவற்றிலும் படாக்குக்குத் தனி மரியாதை. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில மரம் அதுதான். நம் மலைகளில் பூக்கும் வேங்கையும், ஆந்திரத்துச் செஞ்சந்தனமும் அதற்கு ஒரே பேரினத்துச் சொந்தங்கள். படாக்கின் அடிமரத்தில் பலகைபோல் விரிந்து நிற்கும் வேர்ச்சிறகுகளிலிருந்து ஒட்டே இல்லாத, ஒற்றைப் பலகை மேசைகளை அறுத்தெடுப்பார்கள். அறுத்த நாளில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. வெளிச்சம் பட்டுப்பட்டு அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாக அடங்கும். ஊரில் வசதியான வீடு, எளிய வீடு என்று பார்க்காமல் எல்லார் வீட்டிலும் படாக்கில் ஒரு நாற்காலியாவது இருந்த காலம் அது.

ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரியப்பாவின் பட்டறை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த ஆசாரி அவர். சென்னையிலிருந்து மூன்று நாள் கடற்பயணம். வந்தவர் இங்கேயே வேர்விட்டுவிட்டார். பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் வங்காளி, ரம்பம் பிடிக்கிறவர் ராஞ்சிக்காரர், கணக்கு எழுதுகிறவர் தெலுங்கர். எல்லார்க்கும் பொதுவாக அந்தமான் ஹிந்தி. அளவு மட்டும் பெரியப்பாவின் தமிழில்தான் நடக்கும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ராஞ்சிக்காரரும் "தீன் நூல்" என்று கேட்டு வாங்குவார்.

அந்த மூன்று நூல்தான், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி, பெரியப்பா போடும் தக்கையின் விட்டம். ஸ்க்ரூவின் தலையை மறைக்க மரத்திலேயே செய்து பதிக்கும் வட்டத் தக்கை. பட்டறை வாசலில் உட்கார்ந்து நான் பார்த்த வேலைகளில் என் கண்ணை விட்டு அகலாதது அதுதான்.

நல்ல ஆசாரி துளையும் கழுந்துமாகப் பொருத்துவார், அவருக்கு ஸ்க்ரூ எதற்கு என்று கேட்கலாம். அந்தமானில் அதற்குக் காரணம் இருந்தது. இங்கே வேலைபார்த்த அரசு ஊழியர்களில் பலரும் தாய்நிலத்திலிருந்து வந்தவர்கள். மாற்றலாகித் திரும்பும்போது வனத்துறையின் அனுமதிச்சீட்டோடு படாக் கட்டிலையும் அலமாரியையும் கூடவே கொண்டுபோவார்கள். நங்கவ்ரி, ஹர்ஷவர்தனா போன்ற கப்பல்களின் சரக்கறைக்குள் கட்டில் கட்டிலாகவே போகாது. கழற்றிக் கட்டி, சென்னையில் இறக்கி, மறுபடி பூட்ட வேண்டும். ஆகவே சட்டங்களைச் சேர்க்குமிடத்தில் ஸ்க்ரூ. அதன் தலை வெளியே தெரியக்கூடாது என்பதால் மேலே தக்கை.

இன்னொரு காரணம் காற்று. போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. வெயில் காலத்திலும் காற்றில் ஈரமும் உப்பும் குறையாது. இரும்பு ஸ்க்ரூவைத் திறந்த முகமாக விட்டால் துருவேறி, சுற்றியுள்ள மரத்தில் கறுப்பாகக் கறை இறங்கிவிடும். அதனால் பெரியப்பா பித்தளை ஸ்க்ரூதான் போடுவார். பித்தளை மென்மையான உலோகம். படாக் போன்ற கெட்டி மரத்தில் நேராக முடுக்கினால் கழுத்து முறியும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முடுக்கி மரை வெட்டிக்கொண்டு, அதை எடுத்துவிட்டுப் பித்தளையில் மெழுகு தடவி இறக்குவார். தலைப்பள்ளத்திலும் ஒரு விரல் மெழுகைத் தேய்த்து அடைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்கு இதத் தொறக்கப்போற ஆசாரிக்கு வழி வேண்டாமா தம்பி? பசை போயி அடச்சிக்கிட்டா அவன் எதுல திருப்புளியக் குடுப்பான்?"

அந்த நாளைய ஆசாரி யார் என்று அவருக்குத் தெரியாது. எந்த ஊரில் இருப்பான் என்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு துளையிலும் அவனுக்காக மெழுகு தடவினார்.

தக்கை செய்வது பார்வைக்கு எளிது. கடைசல் கோலை வாங்கித் துண்டு துண்டாக நறுக்கி அடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மேலே தெரிவது மரத்தின் வெட்டுமுகம். அது பாலிஷை உறிஞ்சிக் குடித்துக் கறுத்துப்போகும். மேசை முழுக்க மச்சம் வைத்ததுபோல் ஆகிவிடும். தக்கையின் முகத்தில் ரேகை குறுக்காக ஓட வேண்டும் என்றால் பலகையின் மேல்முகத்திலிருந்தே அதை எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரியப்பா இதைக் கையாலேயே செய்தார். சிறு சதுரங்களாக நறுக்கி, மூலைகளை உளியால் சீவி எண்கோணமாக்கி, பிறகு உருட்டித் தேய்ப்பார். பிற்பாடு சென்னைப் பாரிமுனையிலிருந்து ஒருவர் தக்கை வெட்டும் பிட்டு கொண்டுவந்து கொடுத்தார். நிறுத்தித் துளையிடும் இயந்திரத்தில் அதை மாட்டிப் பலகையில் இறக்கினால் நடுவில் குட்டித் தூண் நிற்கும். கீழே திருப்புளியால் நெம்பினால் டக்கென்று கழன்று வரும். உள்ளே போகும் நுனி சற்று ஒடுங்கியிருப்பதால் அடிக்க அடிக்கத் துளையில் இறுகும்.

எந்தப் பலகையில் கட்டில் செய்கிறாரோ அதே பலகையின் துண்டில்தான் அதன் தக்கையை எடுப்பார். படாக்கில் ஒரு மரத்தின் சிவப்பு இன்னொன்றுக்கு வராது. ஒரே மரத்தில்கூட அடிப்பகுதி வேறு, நுனி வேறு. அதனால் பட்டறையில் எந்த வேலை நடந்தாலும் மிச்சத்துண்டுகளைப் பக்கத்திலேயே ஒரு கூடையில் போட்டு, சாக்பீஸால் கட்டில், பீரோ என்று எழுதி வைத்திருப்பார். வேலை முடிந்து பொருள் வீட்டுக்குப் போகும்போது ஒரு கைப்பிடி அளவு தக்கைகளைத் துணியில் முடிந்து, வாங்குகிறவர் கையில் கொடுப்பார். "பத்திரமா வைங்கம்மா, எப்பவாச்சும் கழற்ற வேண்டி வந்தா இதான் பொருந்தும்" என்று சொல்லி அனுப்புவார்.

ஸ்க்ரூ துளையின் மேல்வாய் அகலமாக, மூன்று நூல் ஆழத்துக்கு இருக்கும். ஆழம் குறைந்தால் தக்கை மழைக்காலத்தில் நெட்டித் தெறிக்கும். பசையைத் துளையின் சுவரில் மட்டும் மெல்லப் பூசுவார். மேலே வழிந்த பசையை ஈரத்துணியால் அப்போதே துடைக்காவிட்டால் பாலிஷ் அந்த இடத்தில் ஒட்டாமல் வெளுப்பாகத் தெரியும். பிறகு தக்கையை விரலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அதன் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும் இடம் வந்ததும் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு.

ரேகையைச் சேர்ப்பது அழகுக்காக மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மரம் ஈரத்தில் விரிவதும் காய்ந்தால் சுருங்குவதும் அகலவாக்கில்தான், நீளவாக்கில் அநேகமாக அசையாது. தக்கையின் ரேகை பலகையோடு ஒத்து இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் விரிந்து, ஒரே பக்கம் சுருங்கும். குறுக்காக வைத்தால் ஒன்று இழுக்க மற்றது நிற்கும். சில மழைக்காலங்கள் கழிந்ததும் தக்கையைச் சுற்றி ஒரு கோடு விழும். அந்தமான் ஈரத்தில் செய்த கட்டில் மதுரை வெயிலுக்குப் போகிறது என்றால் இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில்தான் சீவுவார். துருத்திக்கொண்டிருக்கும் தக்கையை ஒரே வெட்டில் மட்டமாக்க மாட்டார். படாக்கின் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடுவது. எதிர் ரேகையில் உளி பாய்ந்தால் பலகை மட்டத்துக்குக் கீழேயே பிளந்துகொண்டு போகும். முதலில் மேலாக ஒரு மெல்லிய சீவல். அது எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து உளியைத் திருப்பிப் பிடிப்பார். அடுத்தடுத்து மூன்று நான்கு சீவல்கள். கடைசியில் உப்புத்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தை விரலால் தடவித் தேடினாலும் எனக்குக் கிடைக்காது.

பழைய நாற்காலி பழுதுக்கு வந்தால் புதுத் தக்கை சிவப்பாகவும் சுற்றிலும் மரம் பழுப்பாகவும் நிற்கும். சாயம் தடவச் சொல்லி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். பெரியப்பா சம்மதிக்க மாட்டார். ஜன்னல் ஓரமாகப் போட்டு வையுங்கள், வெளிச்சம் பட்டு நிறம் தானாக இறங்கிவிடும் என்பார். இன்று சாயம் தடவி நிறம் சேர்த்தால், தக்கை தன் பங்குக்குப் பழுத்ததும் மறுபடி பிரிந்து தெரியும் என்பது அவர் கணக்கு.

இந்தப் பாடத்தில் பாதியை அவர் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறைப் பக்கம் படகு வேலைக்குப் போன நாட்களில் கற்றிருந்தார். மரப்படகின் பலகைகளில் ஸ்க்ரூவையும் போல்ட்டையும் உள்ளே புதைத்துத் தக்கை போடுவது உலகெங்கும் படகு கட்டுகிறவர்களின் வழக்கம். அங்கே பலர் பசையையே தொட மாட்டார்கள். பெயின்ட்டிலோ வார்னிஷிலோ தோய்த்து அடிப்பார்கள். பலகையை மாற்றும் நாள் கட்டாயம் வரும் என்று தெரிந்து செய்வது அது. பசை போட்ட தக்கையைக்கூட எடுக்க ஒரு வழியை அவர் எனக்குக் காட்டினார். தக்கையின் நடுவில் சிறு துளையிட்டு அதில் ஒரு ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அதன் நுனி கீழே புதைந்திருக்கும் ஸ்க்ரூவின் தலையில் போய் முட்டும். மேலும் முடுக்கினால் தக்கை தானே மேலேறி வந்துவிடும். துளையின் விளிம்புக்கு ஒரு கீறல் இருக்காது.

மறைக்காமல் காட்டிவிடுவதும் ஒரு வழி. அமெரிக்காவில் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற சகோதரர்கள் 1908இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் கேம்பிள் குடும்பத்துக்காக வடிவமைத்த வீட்டிலும் அதன் சாமான்களிலும் ஸ்க்ரூக்களின் மேல் கருங்காலியில் சதுரத் தக்கைகளை வேண்டுமென்றே சற்று எழும்பி நிற்க வைத்தார்கள். அது ஒரு பாணியாகவே புகழ்பெற்றது. பெரியப்பா அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கல்யாணக் கட்டிலின் தலைமாட்டில் மட்டும் மார்பிள்வுட்டில் சதுரத் தக்கைகள் வைப்பார். சிவப்பில் கறுப்பு எடுப்பாக நிற்கும்.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, இத்தீவுகளில் வணிகத்துக்காகக் காட்டு மரங்களை வெட்டுவதை நிறுத்தியது. உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் இடம் வைத்தது. பலகைத் தொழிற்சாலைகள் மூடின. எத்தனையோ பேருக்கு வேலை போயிற்று. அந்த வலியை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காடு கொடுத்துக்கொண்டே இருந்தது. ஜாரவா, ஓங்கி பழங்குடிகள் வாழும் காடு அது. ஒரு படாக் முதிர்வதற்கு மனித ஆயுள் போதாது.

இப்போது ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், 2024இல் மாற்றினார்கள். வீடுகளுக்கு வரும் சாமான்களில் பெரும்பாலும் அழுத்திய மரத்தூள் பலகை. ஸ்க்ரூவின் மேல் நிறத்துக்கு நிறம் பிளாஸ்டிக் மூடி. அந்தப் பலகையில் ஒருமுறை கழற்றிப் பூட்டிய ஸ்க்ரூ மறுமுறை பிடிக்காது. மழைக்கு ஊதிவிடும், தெருவுக்கு வந்துவிடும்.

பெரியப்பாவின் தக்கைகளை நான் மெச்சுவது அவற்றின் மறைவான நேர்த்திக்காக மட்டும் இல்லை. மூடும்போதே திறப்பதற்கான வழியையும் செய்துவைத்த வேலை அது. வெட்டிய மரத்துக்குச் செய்யும் மரியாதை, அதில் செய்த பொருளை மரம் வளர எடுத்த காலத்துக்காவது வாழவைப்பது. காட்டைக் காக்கத் தீர்ப்பு வந்தது. காட்டிலிருந்து ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதைக் காக்க ஆசாரியின் கை வேண்டும். தீவில் தச்சு பழகும் பிள்ளைகளுக்குப் புதுப்பொருள் செய்யக் கற்றுக்கொடுப்பதோடு, பழைய தக்கையை எடுத்து, தளர்ந்த சட்டத்தை இறுக்கி, ரேகை பார்த்துப் புதுத் தக்கை வைக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தமானிலிருந்து கப்பலேறிய படாக் கட்டில் உங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல ஆசாரியைக் கூப்பிட்டு மூலைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பித்தளை கெடாமல் இருக்கும். திருப்புளி பிடிக்க வழியும் இருக்கும்.