63 வயதில் வந்த அழைப்பு



பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஜாக்கி வீவர் என்று ஒரு நடிகை. ஆஸ்திரேலியாக்காரர். பெயர் தெரியாவிட்டாலும் உங்களில் சிலருக்கு முகம் தெரிந்திருக்கும். 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' படத்தில் ராபர்ட் டி நீரோவின் மனைவியாக, மனநிலை சரியில்லாத மகனையும் பந்தயப் பைத்தியம் பிடித்த கணவரையும் ஒருசேரக் கட்டி மேய்ப்பாரே, அந்தக் குள்ளமான அம்மா. உயரம் 5 அடியைக்கூடத் தொடாது. ஓய்வு பெற்ற பிறகு நான் படங்கள் நிறையப் பார்க்கிறேன். அப்படித் தேடிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இவருடைய கதை.

1947-இல் சிட்னியில் பிறந்தவர். ஹார்ன்ஸ்பி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1962-இல், அதாவது 15 வயதில், மேடை ஏறிவிட்டார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது.

அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் சினிமா என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. திரையரங்குகளில் ஓடியதெல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் படங்கள். 1970-ஐ ஒட்டி அரசாங்கம் படத் தயாரிப்புக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சொந்தக் கதைகள், சொந்த உச்சரிப்பு என்று ஒரு அலை எழுந்தது. அந்த அலையின் முதல் வரிசையில் நின்றவர் வீவர். 1971-இல் 'ஸ்டார்க்'. டேவிட் வில்லியம்சனின் நாடகத்தை டிம் பர்ஸ்டல் படமாக்கினார். அதற்கு ஆஸ்திரேலியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகை விருது. 1975-இல் பீட்டர் வீரின் புகழ்பெற்ற 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' படத்தில் மினி என்கிற வேலைக்காரப் பெண். 1976-இல் 'கேடி'. அதற்குச் சிறந்த துணை நடிகை விருது. முப்பது வயதுக்குள் இரண்டு பெரிய விருதுகள்!

அதற்குப் பிறகு?

சினிமாவில் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. துள்ளும் இளம்பெண் வேடத்துக்கு வயது தாண்டிவிட்டது. அடுத்த வயதுக்கு எழுதப்பட்ட வேடங்கள் குறைவு. இது அந்த ஊரில் மட்டும் நடப்பதல்ல, உங்களுக்கே தெரியும்.

ஆனால் வீவர் வீட்டில் உட்காரவில்லை. மேடைக்குத் திரும்பினார். 1980-இல் ஜான் வாட்டர்ஸுடன் 'தேர் பிளேயிங் அவர் சாங்' என்ற இசை நாடகம். பிறகு சிட்னி, மெல்போர்ன் நகரங்களின் பெரிய நாடகக் குழுக்களில் நகைச்சுவை, சோகம், பாட்டு என்று வந்ததையெல்லாம் செய்தார். வணிக நாடகம் என்றால் வாரத்துக்கு 8 காட்சி என்பது வழக்கம். காய்ச்சலானாலும் ஆறு மணிக்கு ஒப்பனை அறையில் இருக்க வேண்டும். எட்டு முறையும் அதே வசனத்தை அன்றுதான் முதல்முதலாகத் தோன்றியது போலச் சொல்ல வேண்டும். ஒரே பாடத்தை ஏ பிரிவிலும் பி பிரிவிலும் சி பிரிவிலும் நடத்திய எங்களுக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் புரியும். சி பிரிவுப் பிள்ளைகளுக்கு அது மூன்றாவது தடவை என்று தெரியக் கூடாது.

இப்படியே 34 வருஷம்.

2010-இல் டேவிட் மிஷோட் என்ற இயக்குநரின் முதல் முழுநீளப் படம் வந்தது. 'அனிமல் கிங்டம்'. மெல்போர்னில் கொள்ளையடித்துப் பிழைக்கும் ஒரு குடும்பம். அதன் தாய் வேடம் வீவருக்கு. பெயர் ஜனீன், வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது ஸ்மர்ஃப். அம்மாவை இழந்து வந்து நிற்கும் பேரனை அணைத்துக்கொள்ளும் பாட்டி. மகன்களுக்கு ஆபத்து என்றதும் அதே பாட்டி, குரலை உயர்த்தாமல், சிரிப்பு மாறாமல், அந்தப் பேரனுக்கு எதிராகவே காய் நகர்த்துகிறாள். எனக்கு முதுகு சில்லிட்டுப்போனது. அதட்டலோ முறைப்போ கிடையாது. செல்லம் கொஞ்சும் குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்குள் இத்தனை விஷத்தை வைக்க ஒரு மனுஷிக்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்!

சண்டான்ஸ் விழாவில் படத்துக்குப் பரிசு. 2011 ஜனவரியில் வீவரின் பெயர் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில். வயது 63. விருது மெலிசா லியோவுக்குப் போனது. ஆனால் ஹாலிவுட் கதவு திறந்துவிட்டது. இரண்டே வருஷத்தில் 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' படத்துக்காக மறுபடியும் பரிந்துரை. அதுவும் கிடைக்கவில்லை. அதன் பின் பார்க் சான்-வூக், வுடி ஆலன், ஸ்டீவ் மெக்குவீன் என்று வரிசையாகப் பெரிய இயக்குநர்களின் படங்கள்.

சரி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

சமீபத்தில் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு 14 வருஷம் ஆகிறது. "வண்டி போயிடுச்சு டீச்சர். இந்த 14 வருஷமும் வீணாப் போச்சு" என்றாள். போனை வைத்த பிறகும் அந்த 'வீண்' என்ற சொல் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு வீவரை உதாரணம் காட்டி, "பார், 63 வயதில் ஆஸ்கர் வரை போனார், உனக்கும் வரும்" என்று சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் தினமும் வருகிற காலை வணக்கம் அப்படித்தான் சொல்கிறது. நான் சொல்ல மாட்டேன். அது உண்மையில்லை. வீவரைப் போலவே வாரத்துக்கு 8 காட்சி நடித்து, எந்த மிஷோடும் வந்து கூப்பிடாமல் ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உழைத்தால் அழைப்பு வந்தே தீரும் என்று எந்த டீச்சரும் உத்தரவாதம் தர முடியாது.

நான் கேட்பது வேறு. 2010-இல் அந்தப் படம் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 34 வருஷமும் வீணா? ஒவ்வொரு ராத்திரியும் அரங்கில் உட்கார்ந்து சிரித்தவர்களும் அழுதவர்களும் டிக்கெட் வாங்கி வந்த மனிதர்கள்தானே? அந்த மேடை ஆஸ்கருக்கான ஒத்திகை அல்ல. அது அவருடைய வேலை.

இதற்கு எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. 'அனிமல் கிங்டம்' வெளிவந்த அதே 2010-இல், சிட்னி நாடகக் குழுவின் 'அங்கிள் வான்யா'வில் வீவர் நடித்தார். செகாவின் நாடகம். கேட் பிளான்செட், ஹியூகோ வீவிங், ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் எல்லாரும் அதில் இருந்தார்கள். வீவருக்கு என்ன வேடம் தெரியுமா? மரீனா என்ற கிழட்டு ஆயா. தேநீர் கொடுப்பாள், காலுறை பின்னுவாள், புலம்புகிறவர்களைத் தேற்றுவாள். வசனமும் குறைவுதான். ஆஸ்கர் பரிந்துரைக்குப் பிறகு அந்த நாடகம் 2011-இல் வாஷிங்டனுக்கும் 2012-இல் நியூயார்க்குக்கும் போனது. ஆயா வேடத்தில் வீவரும் போனார். ஹாலிவுட் கூப்பிட்டுவிட்டது, இனி எனக்கு எதற்கு இந்தச் சின்ன வேடம் என்று அவர் விட்டுவிடவில்லை.

அதனால் என் மாணவிக்கு நான் சொல்வது இதுதான். அந்த 14 வருஷத்தில் நீ இரண்டு பிள்ளைகளை வளர்த்தாய், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய், வீட்டுக் கணக்கை ஒற்றை ஆளாகச் சமாளித்தாய். மறுபடி வேலைக்குப் போக ஆசையா? விண்ணப்பம் போடு, நான் திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் வேலை கிடைத்தால்தான் அந்த வருஷங்களுக்கு மதிப்பு என்று மட்டும் நினைக்காதே.

விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்து, "ரிட்டயர்டு ஆயாச்சு, பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்கும் உறவுகளுக்கும் இதுதான் பதில். பொழுது போகவில்லை. இருக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் சாயங்காலம் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். ஏழு பேர் என்றாலும் வகுப்பு வகுப்புதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 'அனிமல் கிங்டம்' பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள். 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' பெரியவர்கள் சேர்ந்து பார்க்கலாம். அடுத்தடுத்து இரண்டையும் பார்த்தால், இரண்டு அம்மாக்களும் ஒரே ஆள் என்று நம்பவே மாட்டீர்கள். பார்த்துவிட்டு எது பிடித்தது, ஏன் என்று கீழே எழுதுங்கள். 'சூப்பர் டீச்சர்' என்று மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்